அவர் அணைத்த விளக்கு

என் கணவர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, 'பாவம், நல்ல மனுஷனாச்சே' என்று யாரும் பரிந்துகொண்டு வரக்கூடாது. நல்லவர்தான். குடிக்க மாட்டார், கத்த மாட்டார், வாங்கிய கத்தரிக்காய் சொத்தையாக இருந்தால்கூடக் கடைக்காரரிடம் போய்க் கேட்க மாட்டார். விளக்கை மட்டும் அணைப்பார்.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே மின்சாரச் சிக்கனக் குழு என்று ஒன்று இருந்தது. அதற்கு இவர்தான் தலைவர். ஒரு வருடம் பரிசாக எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்துவிட்டார்கள். அன்றோடு என் நிம்மதி போயிற்று. அஸ்தினாபுரத்தில் எங்கள் ஃபிளாட்டில் நான் ஓர் அறையிலிருந்து வெளியே காலை வைத்தால் பின்னாலேயே 'டக்' என்று சத்தம் கேட்கும். நான் குளித்துக்கொண்டிருக்கும்போதே குளியலறை விளக்கை அணைத்திருக்கிறார். உள்ளேயிருந்து நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார்.

எனக்கோ விளக்கு வேண்டும். ராத்திரி முழுக்க எரிகிற விளக்கு வேண்டும். ஏனென்றால் நான் அந்துப்பூச்சிகளைப் படம் எடுப்பவள்.

குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். மழைக்காலத்தில் பள்ளி வராந்தாவின் டியூப் லைட்டுகள் இரவெல்லாம் எரியும். காலையில் போய்ப் பார்த்தால் சுவர் நிறையப் பூச்சிகள் இறக்கையை விரித்து ஒட்டிக்கொண்டிருக்கும். பிரேயர் மணி அடிப்பதற்குள் துடைப்பம் வந்துவிடும். துடைப்பத்துக்கு முன்னால் போக வேண்டும் என்பதற்காகவே சீக்கிரம் கிளம்பினேன். முதலில் போனில் எடுத்தேன், பிறகு என் பி.எஃப். பணத்தில் ஒரு கேமரா வாங்கினேன். பிள்ளைகள் என்னைப் 'பூச்சி மிஸ்' என்றார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஸ்டாஃப் ரூமில் ஒரு சக ஆசிரியை, "ஏன் மிஸ், வண்ணத்துப்பூச்சி எடுத்தாலாவது பார்க்க அழகா இருக்கும்" என்றாரே, அதற்குத்தான் கோபம் வந்தது. அவர் கட்டியிருந்த பட்டுப்புடவையின் பார்டரைவிட நுணுக்கமான வேலைப்பாடு என் கேமராவுக்குள் இருந்தது. காட்டினேன். "ஐயே, மீசையெல்லாம் வெச்சிருக்கு" என்று முகத்தைச் சுளித்தார்.

அது மீசை இல்லை, உணர்கொம்பு. ஒரு பூச்சி எந்த இனம் என்று கண்டுபிடிக்க அதையும் பார்க்க வேண்டும். கொம்பு நூல்போல இருக்கிறதா, சீப்புப்போல இருக்கிறதா. இறக்கையைத் தட்டையாக வைக்கிறதா, கூரைபோல மடிக்கிறதா. குறுக்குக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. எல்லாமே கணக்குத்தான். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு பெயர் மிஞ்சும். மிஞ்சாவிட்டால் இணையத்தில் பூச்சிக்காரர்களின் குழு இருக்கிறது, அங்கே போட்டால் யாராவது சொல்வார்கள். பெயர் வந்தாலும் லத்தீனில்தான் வரும். தமிழில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், அந்துப்பூச்சி. இத்தனை ஆயிரத்துக்கும் ஒற்றைப் பெயர் போதும் என்று எவர் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. நானே பெயர் வைத்துக்கொண்டேன். அரக்கு பார்டர், காய்ந்த வேப்பிலை, வெள்ளைப்பொட்டு. இந்த வெள்ளைப்பொட்டு, பழுப்பு இறக்கையின் நடுவே சுண்ணாம்பு வைத்ததுபோல ஒரு பொட்டும் மஞ்சள் உடம்புமாக இருக்கும். அத்தி மரம் இருக்கிற தெருவில் தவறாமல் வரும்.

ஓய்வு பெற்றபின் பள்ளி வராந்தா போயிற்று. எங்கள் பால்கனி விளக்கோ ஏழு மணிக்கு மேல் எரிந்ததே கிடையாது. நல்லவேளை, கீழ் வீட்டில் சைக்கிள் திருட்டுப் போனபின் மாடிப்படி விளக்குகள் விடியும்வரை எரிய வேண்டும் என்று அசோசியேஷன் தீர்மானம் போட்டது. அது பொது விளக்கு, என் கணவர் கை அங்கே செல்லாது. தினமும் காலையில் பெருக்குகிற அம்மா வருவதற்குள் கேமராவோடு படியேறி இறங்குவேன். போன ஐப்பசி மழையில் மட்டும் அந்த மாடிப்படிச் சுவரில் எத்தனையோ வகை எடுத்தேன். படியில் எதிரே வருகிறவர்கள், "என்ன டீச்சர், பூச்சி ஏதாவது மாட்டுச்சா?" என்று சிரித்துக்கொண்டே போவார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

இந்த நிலைமையில்தான் மலேசியா, சிங்கப்பூர் டூர் வந்தது. நம்மூர் சமையல்காரரைக் கூடவே கூட்டிக்கொண்டு, மூன்று வேளையும் சாம்பார், ரசம், தயிர் சாதம் என்று போகிற குரூப் டூர். தயிர் சாதம் சாப்பிட எதற்கு ஃபிளைட் ஏற வேண்டும் என்று முதலில் மறுத்துவிட்டேன். அப்புறம் பயணத் திட்டத்தைப் பார்த்தேன். ஒரே ஓர் இரவு, மலேசியாவில் ஒரு மலை விடுதியில் தங்கல்.

அந்த மலையைப் பற்றி எனக்குத் தெரியும். உலகத்தில் இருக்கிற பூச்சிக்காரர்கள் எல்லாரும் அங்கே போய்ச் சுவரில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கைப் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் சொக்கிப்போய் நிற்கிறார்கள். அங்கே ஒரு பூச்சி வரும். வெளிர் பச்சை நிறம், உள்ளங்கையை விரித்ததுபோல இறக்கை, பின்னால் நீளமாக இரண்டு வால். நம் தாம்பரம் பக்கத்துச் சமவெளியில் அது கிடையாது. அதை ஒருமுறையாவது நேரில் பார்த்து என் கையால் படம் எடுக்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டியதில்லை.

சாப்பாட்டு மேஜையில் வைத்து அவரிடம் நிபந்தனை போட்டேன். "அந்த ரெட்டை டவரைப் பார்க்கறேன், சாக்லேட் கடைக்கு வர்றேன், ரோலர் கோஸ்டர்ல ஏறச் சொன்னாக்கூட ஏறறேன். ஆனா அந்த மலையில ஒரு ராத்திரி, பால்கனி லைட் விடிய விடிய எரியணும். காலையில நான் படம் எடுக்கணும். இது எனக்கு."

"இதென்ன பெரிய விஷயம்? நான் பொறுப்பு" என்றார்.

நான் பொறுப்பு. என் காதில் இன்னும் இருக்கிறது.

டவரைப் பார்த்தேன். சாக்லேட் கடையில் உட்கார்ந்தேன். கூட்டத்தோடு கூட்டமாகத் தொப்பி போட்டுக்கொண்டு கையை ஆட்டி போட்டோவுக்கு நின்றேன். மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழை பெய்து ஓய்ந்து மூடுபனி இறங்கியிருந்தது. நிலா இல்லை, காற்று இல்லை. பூச்சி வருவதற்குக் கேட்டு வாங்கினாலும் கிடைக்காத நேரம். எங்கள் அறை கடைசி அறை, பால்கனிக்கு எதிரே காடு. அவருடைய எட்டு முழ வேட்டியைக் கம்பியிலிருந்து கம்பிக்கு இழுத்துக் கட்டி, விளக்கைப் போட்டேன். சாப்பிடப் போவதற்குள்ளேயே சின்னச் சின்னதாக வரத் தொடங்கிவிட்டன. வேட்டியில் வந்து உட்காருவதைப் பார்த்தபோது சின்னப்பிள்ளைபோல ஒரு குதூகலம்.

ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பூச்சிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். விடியற்காலைக் குளிரில் விறைத்து, அசையாமல், அழகாகப் படத்துக்கு நிற்கும். எனக்கு முட்டிவலி, நாள் முழுக்க பஸ்ஸில் வந்த களைப்பு. "லைட் எரியட்டும்" என்று அவரிடம் இன்னொரு தடவை சொல்லிவிட்டு, வலிமாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். சரி என்று தலையாட்டினார்.

விடியும் முன்னே அலாரம் அடித்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு பால்கனிக் கதவைத் திறந்தேன். இருட்டு. விளக்கு எரியவில்லை. வேட்டியும் இல்லை. கரண்ட் போய்விட்டதோ என்று சுவிட்சைத் தட்டினேன். பளிச்சென்று எரிந்தது. வெறும் சுவர், வெறும் கம்பி. வேட்டி அறைக்குள் நாற்காலியில் நாலாக மடித்து வைத்திருந்தது.

அவரை உலுக்கி எழுப்பினேன்.

"ராத்திரி பாத்ரூம் போக எழுந்தேன்" என்றார். "வெளிய லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்தது. தூக்கக் கலக்கம். கை தன்னால போயிடுச்சு."

"வேட்டி? வேட்டியும் தன்னால மடிஞ்சுதா?"

"பனியில நனையுதேன்னு... இன்னிக்குக் கோயிலுக்குக் கட்டணும் இல்ல?"

"ஹோட்டல் கரண்ட்டுங்க! பில்லு நமக்கா வரப்போகுது?"

"யாரு கரண்ட்டா இருந்தா என்ன, வீண் வீண்தானே" என்றார், அந்த நேரத்திலும் பொறுமையாக.

அந்தப் பொறுமை இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகாது. எதிர்த்துக் கத்தியிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். அவரோ சிக்கனக் குழுக் கூட்டத்தில் விளக்கம் சொல்வதுபோலக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். என் ஒரு ராத்திரியை அணைத்துவிட்டு, அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

விடுதிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் எங்கள் சமையல்காரர் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். பல்லாவரத்துக்காரர். மேலே டியூப் லைட் எரிந்தது. நம்பிக்கையோடு ஓடினேன். சுவர் துடைத்து விட்டதுபோல இருந்தது.

"இன்னாம்மா தேட்றீங்க?"

"பூச்சி. இங்க பூச்சி எதுவும் இல்லையா?"

"பூச்சியா? நெறையத்தான் இருந்துச்சு, எல்லாத்தையும் பெருக்கித் தள்ட்டேம்மா. சாம்பார்ல வுழுந்தா அப்பால என்னையத்தான கேப்பீங்க? அதோ, அண்டா மூடி மேல ஒண்ணு ஒக்காந்துகினு கீது பாருங்க."

மூடியைத் தொடாமல், ஆவி பட்டுக் கண்ணாடியெல்லாம் மங்க, அந்த ஒன்றை எடுத்தேன். இறக்கை நுனி கிழிந்து, செதில் உதிர்ந்துபோன ஒன்று. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்ததில் அது என்னவென்றுகூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. அதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டார்கள். கோயிலுக்குக் கூட்டம் சேரும் முன் போய்விட வேண்டுமாம்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டிலிருந்து அடுத்த அறைக்காரப் பெண்மணி திரும்பினார்.

"மிஸ், ராத்திரி உங்க பால்கனித் துணியில பச்சையா, இவ்ளோ பெருசா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சே, வால் வெச்ச பட்டம் மாதிரி! கூப்பிடலாம்னு பார்த்தேன், தூங்கிட்டு இருப்பீங்கன்னு விட்டுட்டேன். எடுத்தீங்களா?"

பக்கத்தில் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரைத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

வந்திருக்கிறது. எனக்காக வந்து, அவர் வேட்டியில் உட்கார்ந்திருக்கிறது. வேட்டியை உதறி மடித்த கைதான் அதையும் உதறியிருக்கிறது.

சிங்கப்பூர் போய்ச் சேரும்வரை அவரோடு நான் பேசவில்லை. அங்கேயும் பாஸ்போர்ட் என் பையில் இருந்ததால்தான் பேச வேண்டி வந்தது. "இந்தாங்க" என்ற ஒரு வார்த்தை. ஊர் திரும்பினபின் அண்டா மூடிப் பூச்சியைக் குழுவில் போட்டேன். கிழிந்த இறக்கையை வைத்துக்கொண்டு ரெண்டு பேர் கொஞ்சம் வாதாடினார்கள். கடைசியில் தீர்ப்பு வந்தது. வெள்ளைப்பொட்டு. எங்கள் மாடிப்படியில் ஐப்பசி முழுக்க உட்கார்ந்திருக்கிற அதே வெள்ளைப்பொட்டு. கடல் தாண்டிப் போய் நான் கொண்டுவந்தது அது ஒன்றைத்தான். அது என்ன பாவம் செய்தது, அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்றைக்கு இட்லி அவிக்கவில்லை, கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம். இடியும் மழையுமாக அடித்து ஓய்ந்திருந்தது. படப்பையிலிருந்து என் நாத்தனாரும் அவர் கணவரும் வந்திருந்தார்கள். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். டூர் படம் பார்க்க வேண்டும் என்றார்கள். என் கணவர் கேமராவை டி.வி.யில் இணைத்து ரிமோட்டை எடுத்துக்கொண்டார். டவர், சாக்லேட் கடை, தொப்பி, கோயில் படிக்கட்டு. எல்லாம் முடிந்ததும் அழுத்திக்கொண்டே போனார். அதே கார்டில் போன ஐப்பசியில் எடுத்த படங்களும் இருந்தன. திரை முழுக்க ஒரு அரக்கு பார்டர் வந்து நின்றது.

"யம்மாடி!" என்றார் நாத்தனார். "இது பூச்சியா? என்ன கலரு!"

"மலேசியா காடுன்னா சும்மாவா?" என்றார் அண்ணா. "நம்மூர்ல இதெல்லாம் எங்க பார்க்கறது? அடுத்தது போடு, அடுத்தது போடு."

என் கணவரைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். அது எங்கள் வீட்டு மாடிப்படிச் சுவர் என்பதும் தெரியும், மலேசியாவிலிருந்து ஏன் ஒரே ஒரு பூச்சிப் படம்தான் என்பதும் தெரியும். "ஆமா, எல்லாம் இவ எடுத்ததுதான். நல்லா எடுப்பா" என்றார்.

என்னைப் புகழ்ந்தாராம்! அதை வைத்துத் தன் காரியத்தை மூடப் பார்த்தார். எனக்கு உச்சந்தலை கொதித்தது.

"இது மலேசியா இல்லக்கா" என்றேன். "நம்ம மாடிப்படி. நீங்க இப்ப ஏறி வந்தீங்களே, அந்தச் சுவரு. மலேசியாவுல எடுக்க முடியல. ஏன்னு உங்க தம்பியைக் கேளுங்க."

"சும்மா சொல்லாத. அஸ்தினாபுரத்துலயா?" அண்ணா சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. ரிமோட்டை அழுத்தினார். வெள்ளைப்பொட்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து, மழைக்காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த பால்கனிக் கதவு வழியாக ஒன்று உள்ளே வந்தது. டியூப் லைட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நாத்தனார் தலைக்கு மேல் தாழப் பறந்தது.

"ஐயோ! பூச்சி!" முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "லைட்டை அணைடா, லைட்டை அணை! காதுல பூந்துடப் போகுது!"

அதுவரை 'என்ன கலரு' என்றவர்தான். என் கணவர் எழுந்துவிட்டார். கை சுவிட்சுக்குப் போயிற்று. தன்னால்தான் போயிற்று, அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

"கையை எடுங்க!"

நாற்பது பிள்ளைகளைக் கடைசி பெஞ்சு வரை உட்கார வைத்த குரல் அது. வீட்டில் அதை நான் எடுத்ததே இல்லை. அண்ணா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். என் கணவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாததுபோலப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்.

யாரும் அசையவில்லை. பூச்சி இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, டி.வி.க்குப் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து இறக்கையை விரித்தது. பழுப்பு இறக்கை, நடுவில் வெள்ளைப் பொட்டு. அண்ணா திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "அட" என்றார், அவ்வளவுதான்.

அவர்கள் கிளம்பியதும் பீரோவைத் திறந்து அந்த எட்டு முழ வேட்டியை எடுத்தேன். "அது நாளைக்கு..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பால்கனிக் கம்பியில் இழுத்துக் கட்டினேன். இந்த ஃபிளாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஏழு மணிக்கு மேல் எரியாத விளக்கைப் போட்டேன்.

"எத்தனை மணி வரைக்கும்?" என்று கேட்டார், வாசற்படியில் நின்றுகொண்டு.

"நீங்க போய்ப் படுங்க."

பச்சைப் பூச்சி அஸ்தினாபுரத்துக்கு வராது. எத்தனை வேட்டி கட்டினாலும் வராது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் இப்போது தெரியும். அதற்காக நான் அவரை மன்னிக்கவில்லை, மன்னிப்பதாக உத்தேசமும் இல்லை. விளக்கு விடியும்வரை எரிந்தது. காலையில் படமெல்லாம் எடுத்து முடித்தபின் நான்தான் அணைத்தேன்.